அல்லித் தொட்டியும் என் புதன்கிழமைகளும்

தொட்டியைக் கவிழ்த்து முடித்த பிறகுதான் மீன்களைப் பார்த்தேன்.

எண்ணூரில் ஒரு மீனவர் குப்பம். அதன் கடைசித் தெரு. காலை எட்டு மணி இருக்கும். பூட்டியிருந்த ஒரு வீட்டின் வாசலில், பாதியாக அறுத்த நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்று இருந்தது. முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர். தண்ணீர்மேல் வட்ட வட்டமாக இலைகள், இலைகள்மேல் சாம்பல், நடுவில் ஒரு வெள்ளை அல்லி. பூவை நான் பார்த்தேன் என்று சொன்னால் பொய். தேங்கிய தண்ணீரைத்தான் பார்த்தேன். விளிம்பைப் பிடித்து ஒரே தள்ளு.

தண்ணீரை மணல் குடித்துவிட்டது. சேறு மெதுவாகச் சரிந்தது. அந்தச் சேற்றின்மேல் பத்துப் பன்னிரண்டு குட்டி மீன்கள் துள்ளின. கப்பி மீன்கள். கொசுப் புழுவைத் தின்பதற்காகக் கிணறுகளில் விடச் சொல்லி, எங்கள் கையிலேயே பையில் போட்டுக் கொடுத்து அனுப்புவார்களே, அதே மீன்.

கப்பி இருக்கிற தண்ணீரில் புழு இருக்காது. இது எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லித் தரும் பாடம். பதினோரு வருடம் கழித்து எண்ணூர் மணலில் குத்துக்காலிட்டு அதை மறுபடி படித்தேன். கையிலிருந்த கரண்டியால் மீன்களை ஒவ்வொன்றாக வாரி, நான் குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டிலில் போட்டேன். நான்குதான் பிழைத்தன.

கரண்டி, டார்ச், சாக்கட்டி

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. என் வேலை வீடு வீடாகப் போய்க் கொசுப் புழு இருக்கிறதா என்று பார்ப்பது. தினக்கூலி. நீலக் கோட்டு, நீளக் கைப்பிடி வைத்த கரண்டி, டார்ச், மருந்து பாட்டில், சாக்கட்டி. இவ்வளவுதான் உபகரணம். தண்ணீர் தேங்கிய இடத்தில் கரண்டியால் மொண்டு, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். புழு நெளிந்தால் கவிழ்க்க வேண்டும், கவிழ்க்க முடியாத தொட்டியென்றால் மருந்து ஊற்ற வேண்டும். பிறகு கதவோரச் சுவரில் சாக்கட்டியால் அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீடும். குப்பத்துக்குப் புதன்கிழமை. அதன் கடைசித் தெரு மட்டும் அன்றுதான் முதல்முறையாக என் பங்குக்கு வந்திருந்தது.

இரண்டு வாரம் முன்பு ராயபுரத்து மொட்டைமாடிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "இவ்வளவு வீடு சுற்றியிருக்கிறீர்கள், எந்த வீட்டில் என்ன பூ என்று எழுதவே இல்லையே" என்று கேட்டிருந்தார். எழுதாததற்குக் காரணம் எளிது. எனக்குத் தெரியாது.

தட்டு தெரியும். எந்த வீட்டில் துளசிக்கு அடியில் எவர்சில்வர் தட்டு, எந்த வீட்டில் மணிபிளான்ட் குளிர்பான பாட்டிலில் நிற்கிறது, எந்த மாடியில் மீன் வருகிற தெர்மாகோல் பெட்டியில் கற்பூரவல்லி வைத்திருக்கிறார்கள், எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பாய் வீட்டம்மா, ஒவ்வொரு ரம்ஜானுக்கும் தெரு முழுவதற்கும் மருதாணி இலை பறித்துக் கொடுப்பார். அந்த மருதாணிக்கு அடியிலிருந்த உடைந்த பக்கெட்டுதான் என் நினைவில் இருக்கிறது. மருதாணி பூக்குமா, பூத்தால் வாசனை வருமா என்று கேட்டால் அப்போது முழித்திருப்பேன்.

பதினோரு வருடம் வடசென்னையின் எல்லாப் பூவுக்கும் நான் எதிரி வேலை பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. காய்ச்சல் வந்த வீடுகளைப் பார்த்தவளுக்குப் பூ பெரிதாகத் தெரியாது.

சாம்பல் படிந்த இலை

அன்று கரண்டி விட்டுப் பார்க்காமல் கவிழ்த்ததற்கு இரண்டு காரணம் உண்டு. பக்கத்துத் தெருவில் ஒரு பெண் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மேலதிகாரி பத்து மணிக்கு வருவதாகச் செய்தி. இது முதல் காரணம். சாக்கு என்றும் சொல்லலாம்.

இரண்டாவது காரணம் அந்தச் சாம்பல். எங்கள் பக்கம் செடி வளர்க்கிறவர்கள் காலையில் எழுந்ததும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். முதலில் ஈரத் துணியால் இலையைத் துடைப்பார்கள். எண்ணூரில் அனல்மின் நிலையத்துச் சாம்பல், ராயபுரத்தில் லாரிப் புழுதி, மணலிப் பக்கம் போனால் பெயர் தெரியாத ஒரு பிசுக்கு. துடைக்காவிட்டால் இரண்டே நாளில் செடிக்கு மூச்சு முட்டிவிடும். அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு கணக்கு உண்டு. இலையில் விரலை வைத்து இழுப்போம். விரல் சுத்தமாக வந்தால் அந்த வீட்டில் யாரோ அக்கறையாக இருக்கிறார்கள், தொட்டியில் புழு இருக்காது. விரல் கறுத்து வந்தால் அது கேட்பாரற்ற தொட்டி. கவிழ்.

என் விரல் கறுத்துத்தான் வந்தது. முந்தின இரவு காற்று திசை மாறியதும், அந்த வீட்டுக்காரி விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போயிருந்ததும் எனக்கு எப்படித் தெரியும்? கரண்டி விட்டிருந்தால் தெரிந்திருக்கும். அதுதான் விஷயம்.

நான் நழுவிப் போயிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. ஆனால் சுவரில் தேதி போட வேண்டும், தேதி போட்டால் கையெழுத்தும் போட வேண்டும். சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே ஆட்டோ வந்து நின்றது. மீன் கூடையோடு இறங்கினாள் மகேசு.

"கரண்டி இன்னாத்துக்கு?"

மகேசுக்கு முப்பது வயதிருக்கும். என் மகள் வயது. மீன் விற்கிறவள். புருஷன் தேசப்பன் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர். போனால் பத்துப் பன்னிரண்டு நாள் கடலிலேயே தங்கிப் பிடித்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

அவள் கூடையை இறக்கி வைத்தாள். சேற்றைப் பார்த்தாள். பிறகு என்னை.

"யாரு கவுத்தது?"

"நான்தாம்மா."

"புழு இருந்துச்சா?"

"பாக்கல."

"பாக்காமயே கவுத்துட்டியா? கைல கரண்டிய வச்சிக்கினு சுத்துறியே, அது இன்னாத்துக்குக்கா? கொழம்பு ஊத்தவா?"

நான் பாட்டிலைக் காட்டினேன். நான்கு மீன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதை வாங்கிப் படியில் வைத்துவிட்டு, மண்டிபோட்டுச் சேற்றைக் கையால் அள்ளி டிரம்மில் போட ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்து அள்ளினேன். விரட்டுவாள் என்று நினைத்தேன், விரட்டவில்லை.

லாரித் தண்ணீர் வைத்திருந்த இரண்டு குடத்தையும் டிரம்மில் ஊற்றினாள். குடிக்க வைத்திருந்த தண்ணீர் அது. அங்கே நிலத்தடித் தண்ணீர் உப்பு, அல்லிக்கு ஆகாது. கிழங்கை உள்ளே வைத்தாள். ஆனால் தண்டு முறிந்திருந்தது. பூ அவள் கையோடு வந்துவிட்டது.

அப்போதுதான் சொன்னாள்.

"இது ரெண்டாவது பூக்கா. நேத்து ராத்திரிதான் வாய தொறந்துச்சு."

"ரெண்டாவதுன்னா?"

"ஒரு பூ நாலு நாளு மேல நிக்கும். அப்பாலிக்கா தண்ணிக்குள்ள முங்கிடும். ஒண்ணு முங்கச்சொல்ல அடுத்தது வந்துரும். அவரு கடலுக்குப் போனாருன்னா மூணாவது பூ முங்கறதுக்குள்ள வூட்டுக்கு வந்துருவாரு. மூணு வருசமா இதான் எங் கணக்கு." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "அவரு கடல்ல கீறாரு. இப்பப் போயி கவுத்து வச்சிகிறியே."

அவள் நினைத்திருந்தால் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். தினக்கூலிக்காரியை வேலையை விட்டு எடுக்க ஒரு போன் போதும். போடவில்லை. அதற்காக அவளை மெச்சுகிறேன். ஆனால் அன்று எனக்கு வேலையைப் பற்றிய பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. சகுனம், குறி, சாத்திரம் எதிலும் நம்பிக்கை இல்லாதவள் நான். இருந்தும் பஸ்ஸில் திரும்பும்போது மூன்று பூவுக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன்.

பூ தேடி

மறுநாளிலிருந்து, இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் அல்லி தேடினேன். பூக்கடையில் கேட்டால் சிரித்தார்கள். தாமரை உண்டு, அல்லியை யார் வாங்குவார்கள் என்றார்கள். பஸ் ஏறினால் வழியில் இருப்பது தெரியாது என்று நடந்தே போனேன்.

அந்த நான்கைந்து நாளில் நான் பார்த்ததையெல்லாம் என்னவென்று சொல்ல. பதினோரு வருடம் நடந்த அதே தெருக்கள்தான்.

ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கின் இரண்டாம் மாடிச் சுவரிலிருந்து அரசமரம் கிளம்பியிருக்கிறது. கீழே லாரிக்காரர்கள் அதன் நிழலுக்காகச் சண்டை போடுகிறார்கள். வேர் எங்கே, தண்ணீர் எங்கே, தெரியவில்லை. தண்டவாளத்தை ஒட்டிய சிமெண்டு வெடிப்பு ஒன்று விடாமல் நித்தியகல்யாணி, ரோஸ் நிறத்தில். அதை யாரும் நடவில்லை, யாரும் பறிப்பதும் இல்லை.

திருவொற்றியூரில் கடலுக்குத் தடுப்பாகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு மேலேயும் அடப்பங்கொடி ஏறியிருக்கிறது. ஊதாப் பூ. காலையில் போனால் அத்தனையும் திறந்திருக்கும், மதியம் போனால் ஒன்றுகூட இருக்காது. என் நடை எப்போதும் மதியம் வீடு திரும்பும் வழியில்தான் என்பதால், அது பூக்கிற கொடி என்றே எனக்குத் தெரியாது.

டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில், ஒரு டீக்கடை வேலி முழுக்கச் சங்குப்பூ. நீலம். கடைக்காரர் இலையைத் துடைப்பதில்லை, பூவை மட்டும் துடைக்கிறார். கேட்டால், "இலையப் பாக்க எவன் வரான்" என்கிறார். எருக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாம்பல் கொட்டினாலும் எண்ணெய் கொட்டினாலும் அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருக்கிறது.

மணலி புதுநகரில் ஒரு வீட்டு வாசலில் சிமெண்டுத் தொட்டி, அதில் அல்லி இலை மாதிரி ஏதோ தெரிந்தது. கேட்டைத் தட்டினேன். உள்ளேயிருந்து வந்தவர் என் நீலக் கோட்டைப் பார்த்தார். பேசவே விடவில்லை. வராண்டாவிலிருந்த ரோஜாத் தட்டு, செம்பருத்தித் தட்டு, நாய் தண்ணீர் குடிக்கிற கிண்ணம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துவிட்டார்.

"சார், நான் பூ கேக்க வந்தேன்."

"தெரியும்மா, தெரியும். எல்லாம் கிளீன் பண்ணிட்டேன், எழுதிக்கோங்க."

"அல்லிக் கிழங்கு ஒண்ணு வேணும் சார்."

"அந்தத் தொட்டியையும் நாளைக்கு எடுத்துடறேன். ஃபைன் மட்டும் போட்டுடாதீங்க."

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. பதினோரு வருடத்தில் நான் சம்பாதித்த பெயர் அது. நாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்து, என் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.

சிவப்பு

ஞாயிற்றுக்கிழமை மாத்தூர் தாண்டி ஒரு ஏரிக்கரையில் கிடைத்தது. ஏரி என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதிக்கு மேல் கட்டடக் கழிவு, மீதியில் ஆகாயத்தாமரை. ஒரு மூலையில் மட்டும் வட்ட இலைகள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டியளவு இறங்கினேன். மாடு குளிப்பாட்ட வந்த ஒருவர் கரையிலிருந்து, "அங்க புழு இல்லம்மா, பாம்புதான் கீது" என்றார். உதவி என்று எடுத்துக்கொண்டேன். மொட்டோடு ஒரு கிழங்கு, ஒரு பை நிறையக் களிமண்.

அன்று சாயங்காலமே குப்பத்துக்குப் போனேன். மகேசு வாங்கிப் பார்த்தாள். மொட்டைப் பிரிக்காமல் விரலால் லேசாக அழுத்தினாள்.

"இது செவப்புக்கா. எங்குளுது வெள்ள."

"மொட்டுல எப்பிடித் தெரியும்?"

"காம்பப் பாரு."

பார்த்தேன். சிவந்துதான் இருந்தது. அப்போதும் அவள் அதைப் பழைய கிழங்குக்குப் பக்கத்தில் நட்டாள். நான் கொண்டுபோயிருந்த இரண்டு கேன் தண்ணீரை ஊற்றினோம். நான்கு கப்பியும் தண்ணீரில் இருந்தன. மறுநாள் அந்திக்குப் பூத்ததாகச் சொன்னாள். சிவப்பு.

அந்தப் புதன்கிழமை நான் போனபோது, படகு கடலுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் முடிந்திருந்தது. தேசப்பன் வரவில்லை. கரையிலிருந்து தூரம் போய்விட்டால் போனுக்கு டவர் கிடைக்காது, அதனால் தகவலும் இல்லை. அதே நாளில் புறப்பட்ட மற்றப் படகுகள் வந்துவிட்டன. மகேசு ஒவ்வொரு இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இலையையே திரும்பத் துடைத்தாள்.

நான் கரண்டியை விட்டேன். ஒரு தொட்டிக்கு இரண்டு மூன்று முறை மொண்டால் போதும். நான் பத்து முறை மொண்டேன். புழு இல்லை. சுவரில் தேதி போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கிளம்பும்போது அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"உன்னால ஒண்ணும் இல்லக்கா. பேஜாரா கீது, அவ்ளோதான்."

அது எனக்குச் சொன்னதா, அவளுக்கே சொல்லிக்கொண்டதா, இன்றுவரை தெரியாது. நான் நேரே வீட்டுக்குப் போகவில்லை. கடற்கரையில் அடப்பங்கொடி இருந்த இடத்தில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்திரண்டு வயதில், நீலக் கோட்டோடு.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. என்ஜின் கோளாறு. வேறொரு படகு இழுத்துப்போய் ஆந்திராப் பக்கம் ஒரு துறைமுகத்தில் கட்டியிருக்கிறார்கள். ஆட்களுக்கு ஒன்றுமில்லை. இதை மகேசு என்னிடம் சொன்னபோது அவள் குரல் பழையபடி இருந்தது. "அந்த ஓட்ட என்ஜின வச்சிக்கினு போவாதய்யான்னு தலப்பாடா அடிச்சிக்கினேன், கேட்டாத்தான?"

சுவரில் தேதி

அடுத்த புதன்கிழமை தேசப்பன் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கறுத்து மெலிந்திருந்தார். தொட்டியைப் பார்த்தபடி, "வெள்ளப் பூ இன்னாச்சு, இது யாரு புது ஆளு?" என்று கேட்டார். நான் கரண்டியை மறைக்கப் பார்த்தேன்.

"இந்தக்கா குடுத்துச்சு" என்றாள் மகேசு. "ஒரே கலரு போரடிக்குதுன்னேன்."

அதற்குமேல் அந்தப் பேச்சு இல்லை. எனக்கும் டீ வந்தது.

வெள்ளைக் கிழங்கு சாகவில்லை. ஒன்றரை மாதத்தில் இலை விட்டது, பிறகு மொட்டு. இப்போது வெள்ளையும் சிவப்பும் ஒரே டிரம்மில். ஒன்று முங்கும்போது இரண்டு திறக்கிறது, சில வாரம் எதுவுமே இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மகேசின் கணக்கு போய்விட்டது. எது எந்தப் பூவுக்கு அடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று வருடக் கணக்கை நான்தான் குழப்பினேன்.

ஒரு நாள் இதைச் சொல்லி, மன்னித்துக்கொள் என்றேன். தேசப்பன் மறுபடியும் கடலுக்குப் போயிருந்த சமயம். அவள் கத்தியால் சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு இன்னாக்கா இப்ப. பூவு இல்லன்னா செவுரு கீதே."

"எந்தச் சுவரு?"

கத்தி முனையால் கதவோரத்தைக் காட்டினாள். நான் சாக்கட்டியால் போட்ட தேதிகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. வழக்கமாக அடுத்த வாரம் போகும்போது பழைய தேதியை வீட்டுக்காரர்கள் கழுவியிருப்பார்கள், இல்லையென்றால் மழை அழித்திருக்கும். இங்கே ஒன்றும் அழியவில்லை. மேலே ஒரு பழைய பேனர் துணியைச் சாய்வாகக் கட்டிவைத்திருந்தாள்.

"நீ ரெண்டு தபா வந்துட்டுப் போனின்னா, மூணாவது தபா வரதுக்குள்ள அவரு வந்துருவாரு" என்றாள். "நடுவுல லீவு கீவு போட்டுடாதக்கா."

போன மாதம் என்னைத் திருவொற்றியூருக்கு மாற்றிவிட்டார்கள். குப்பத்துக்கு இப்போது வேறொரு பெண் போகிறாள், வியாழக்கிழமைகளில். அவளும் சுவரில் அவள் தேதியைப் போடுகிறாள். நான் புதன்கிழமை மதியம் வேலை முடிந்ததும் பஸ் பிடித்துப் போய், என் தேதியைப் போட்டுவிட்டு வருகிறேன்.